ஏற்காட்டில் வட்டமிடும் கருங்கழுகு: 'ஆபத்து இல்லை' பட்டியலில் இருந்தும் ஏன் கவலைப்பட வேண்டும்?

ஏற்காடு போகிறவர்கள் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியாக வண்டியைத் திருப்புவது பெரும்பாலும் சேர்வராயன் கோயில் பக்கம்தான். சேர்வராயன் மலையிலேயே உயரமான இடம் இது. கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி. குகைக்குள் குனிந்து போய் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், முகத்தில் அடிக்கும் காற்று. கீழே பள்ளத்தாக்கு. அதற்கும் கீழே காபி எஸ்டேட்டுகளின் பச்சை.

அந்தப் பச்சைக்கு மேலே, மரங்களின் உச்சியை உரசுவதுபோல ஒரு கறுப்புப் பறவை இறக்கையை அசைக்காமலேயே மெதுவாகப் போனால், "அங்க பாரு, பருந்து" என்று யாராவது கை காட்டுவார்கள். செல்போனில் ஜூம் செய்து பார்ப்பதற்குள் அது மறுசரிவுக்குப் போய்விடும்.

அது பருந்தாக இல்லாமல் கருங்கழுகாகவும் இருக்கலாம். மலைக்காடுகளை விட்டு அதிகம் வெளியே வராத ஒரு கழுகு அது. உலக அளவிலான பட்டியலில் அதன் பெயருக்கு நேரே 'ஆபத்து குறைவு' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனாலும் பறவை ஆர்வலர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஏன்? அந்தக் கவலைக்கும் ஏற்காடு காபிக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

கருங்கழுகு எங்கே வாழ்கிறது?

இந்தியாவில் இமயமலை அடிவாரக் காடுகள், வடகிழக்கு மாநிலங்கள், மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை ஆகியவைதான் கருங்கழுகின் வீடு. இலங்கையின் மலைக்காடுகளிலும், தென்கிழக்கு ஆசியாவில் இந்தோனேசியா வரைக்கும் இது உண்டு.

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. நீலகிரி, ஆனைமலை போல நீளமாக ஒட்டிக்கொண்டே போகும் மலை அல்ல இது. சுற்றிலும் சேலம் சமவெளி. நடுவில் தனியாக எழுந்து நிற்கும் மலை. கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எல்லாமே இப்படித்தான். ஒவ்வொன்றும் சமவெளிக்கு நடுவே ஒரு தீவு மாதிரி.

மலைக்காட்டை நம்பி வாழும் ஒரு பறவைக்கு இது முக்கியமான விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பள்ளத்தாக்கில் மரம் போனால், அடுத்த பள்ளத்தாக்குக்கு நகர்ந்துவிட ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. சேர்வராயன் மலையில் காடு சுருங்கினால், அடுத்த காட்டுக்குப் போக வெயில் கொளுத்தும் சமவெளியைக் கடக்க வேண்டும்.

பருந்தா, கழுகா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழில் இந்தப் பெயர்களில் நிறையக் குழப்பம் இருக்கிறது. பருந்து, கழுகு, கருடன், ராசாளி, பாறு எல்லாவற்றையும் நாம் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஏற்காடு மலையில் வானத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சில எளிய அடையாளங்கள்:

• வால் நுனி நடுவில் பிளந்தது போல இருந்து, உடல் பழுப்பாக இருந்தால் அது கரும்பருந்து. ஊருக்குள் மீன் மார்க்கெட், குப்பைமேடு பக்கம் சுற்றுவதும் இதுதான்.

• தலையும் மார்பும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் செம்பழுப்பு என்றால் அது செம்பருந்து. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பறவை.

• இறக்கையின் அடிப்புறத்தில் அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்து, வானத்திலிருந்து கூவிக்கொண்டே வட்டமடித்தால் அது பாம்புண்ணிக் கழுகு.

• உடல் முழுக்கக் கறுப்பு, மூக்கின் அடிப்பகுதியும் கால்களும் மட்டும் மஞ்சள், விரல்களை விரித்தது போன்ற இறக்கை நுனி, சத்தமே இல்லாத மெதுவான பறத்தல் என்றால் அதுதான் கருங்கழுகு.

அளவில் இது பெரிய பறவை. தலை முதல் வால் வரை 70 முதல் 80 சென்டிமீட்டர். இறக்கையை விரித்தால் ஏறக்குறைய ஐந்து முதல் ஆறு அடி. ஆனால் எடை ஒன்று முதல் ஒன்றரை கிலோதான். பெரிய இறக்கை, குறைந்த எடை. அதனால்தான் மற்ற கழுகுகளால் முடியாத அளவுக்கு மெதுவாக, காற்றிலேயே மிதப்பதுபோல அதனால் பறக்க முடிகிறது.

அவ்வளவு மெதுவாகப் பறந்து எதைத் தேடுகிறது?

கூடுகளை. ஆமாம், மற்ற பறவைகளின் கூடுகளைத்தான்.

கழுகு என்றதும் உயரத்திலிருந்து குறி பார்த்து, மின்னல் வேகத்தில் பாய்ந்து இரையை அள்ளும் காட்சிதான் நம் மனதில் வரும். கருங்கழுகின் வேலை வேறு மாதிரி. மர உச்சிகளுக்குச் சற்று மேலே, வரிசை வரிசையாகச் சல்லடை போட்டுத் தேடும். கிளைகளுக்கு நடுவே கூடு தெரிந்தால் இறங்கும். முட்டை, குஞ்சு எது இருந்தாலும் எடுக்கும். சில நேரம் கூட்டையே பிய்த்துக் காலில் தூக்கிக்கொண்டு போய், வேறு மரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும்.

இந்த வேலைக்கு ஏற்ற மாதிரியே அதன் கால் அமைந்திருக்கிறது. பொதுவாகக் கழுகுகளின் நகம் நன்றாக வளைந்து, இரையைக் குத்திப் பிடிக்க வசதியாக இருக்கும். கருங்கழுகின் நகங்களில் வளைவு குறைவு. உள்பக்க விரலின் நகம் நீளம், வெளிவிரல் குட்டை. முட்டையை உடைக்காமல் அள்ளுவதற்கு இது வசதி. முட்டை, குஞ்சு தவிர அணில், எலி, பல்லி, தவளை போன்றவற்றையும் பிடிக்கும். இது தலைக்கு மேலே வந்தாலே குரங்குகளும் மலை அணில்களும் கத்தி எச்சரிக்கை கொடுக்கும்.

"அப்படியென்றால் இது மற்ற பறவைகளை அழிக்கும் கழுகு இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டுப் பறவைகள் பல லட்சம் ஆண்டுகளாக இப்படிப்பட்ட வேட்டைப் பறவைகளோடுதான் வாழ்ந்து வருகின்றன. முட்டை போனால் பல சிறு பறவைகள் மறுபடி கூடு கட்டி முட்டையிடும். கழுகு ஒன்றிரண்டு கூடுகளை எடுப்பதால் ஓர் இனம் அழிந்துவிடாது. கூடு கட்ட மரமே இல்லாமல் போனால்தான் அழியும்.

இன்னொரு விஷயம். கூடுகளை நம்பி வாழும் ஒரு கழுகுக்கு, ஒரு மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான கூடுகள் வேண்டும். அத்தனை கூடுகள் இருக்க வேண்டுமென்றால் பலவகைப் பறவைகள் வேண்டும். பலவகைப் பறவைகள் இருக்க வேண்டுமென்றால் பலவகை மரங்கள் வேண்டும். ஆக, ஒரு மலையில் கருங்கழுகு நிரந்தரமாக வாழ்கிறது என்றால், அங்கே காடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். காட்டுக்கு ஹெல்த் ரிப்போர்ட் மாதிரி.

ஒரு முட்டை, ஒரு மரம்: சிக்கல் இங்கேதான்

கருங்கழுகு கூடு கட்டுவது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அதற்கு முன் ஜோடிப் பறவைகள் வானத்தில் சாகசம் காட்டும். இறக்கையை மடக்கிக்கொண்டு செங்குத்தாக விழுவதும், கீழே போய் அப்படியே 'ப' வை எழுதுவதுபோல மறுபக்கம் மேலேறுவதும் பார்க்க ரோலர் கோஸ்டர் மாதிரி இருக்கும்.

கூடு மூன்று, நான்கு அடி அகலமுள்ள குச்சி மேடை. செங்குத்தான பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் உயரமான மரத்தில்தான் பொதுவாகக் கட்டும். முட்டை ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதே கூட்டை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பயன்படுத்தும்.

இதைக் கோழியோடு ஒப்பிட்டால் புரியும். கோழி ஒரு தடவை அடையில் உட்கார்ந்தால் பத்துக் குஞ்சு பொரிக்கும். இரண்டைப் பருந்து தூக்கினாலும் எட்டு மிச்சம். கருங்கழுகுக்கு ஒரு வருடத்துக்கு ஒரு குஞ்சு. அதுவும் போனால் அந்த வருடம் பூஜ்ஜியம்.

அந்தக் கூடு இருக்கும் மரத்தை யாராவது வெட்டினால்? நம் கணக்கில் போனது ஒரு மரம். கழுகின் கணக்கில் போனது பல வருடத்து வீடு. பக்கத்திலேயே ஆயிரம் கன்று நட்டாலும் உடனே உதவாது. இவ்வளவு பெரிய கூட்டைத் தாங்கும் கிளையோடு ஒரு மரம் வளர நம்மில் பலருடைய ஆயுள் போதாது.

சேர்வராயன் மலையில் என்ன மாறியிருக்கிறது?

இந்த மலையின் அடிவாரத்தில் முள்மரங்கள் நிறைந்த வறண்ட காடு. கொஞ்சம் மேலே ஏறினால் இலையுதிர் காடு. உச்சிக்குப் பக்கத்தில் ஈரம் தங்கும் மடிப்புகளில் பசுமைமாறாச் சோலை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏறும்போதே இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

மலையின் மேல்பகுதி மாறத் தொடங்கியது இன்று நேற்று அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இங்கே காபியைக் கொண்டுவந்தார். பிறகு ஆரஞ்சு, பேரி, மிளகு என்று தோட்டங்கள் விரிந்தன. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்த மலை, எஸ்டேட்டுகளின் மலையாகவும் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், மேட்டூரில் உள்ள அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் பல ஆண்டுகள் பாக்சைட் தாது வெட்டி எடுக்கப்பட்டது. பிறகு சுற்றுலா வளர்ந்தது. காட்டேஜ், ரிசார்ட், வியூ பாயின்ட், அதற்கான ரோடு எல்லாம் வந்தன.

இத்தனைக்குப் பிறகும் கருங்கழுகு இங்கே தாக்குப்பிடித்திருக்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம் காபிதான். ஆச்சரியமாக இருக்கிறதா?

காபி, கழுகுக்கு எதிரியா, நண்பனா?

ஏற்காட்டில் அதிகம் விளைவது அராபிகா காபி. இதற்கு நிழல் வேண்டும். அதனால் தேயிலைத் தோட்டம் போல மலையையே மொட்டையடித்துவிட்டு நடுவதில்லை. பழைய காட்டு மரங்களில் ஒரு பகுதியை அப்படியே விட்டு, அவற்றின் அடியில் காபிச் செடி வைப்பதுதான் பழைய முறை. பலா, ஆல், அத்தி, காட்டு மரங்கள் என்று மேலே ஒரு கூரை. கீழே காபி. மேலிருந்து பார்க்கும் ஒரு பறவைக்கு அது கிட்டத்தட்டக் காடுதான்.

இது வெறும் பேச்சு அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகாவின் காபி, ரப்பர், பாக்குத் தோட்டங்களில் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வில் மொத்தம் 204 பறவை இனங்கள் பதிவாகின. மூன்றில் காபித் தோட்டங்களில்தான் பறவை வகைகள் அதிகம். காரணம், அந்த நிழல் மரங்கள்.

ஆனால் எல்லாக் காபித் தோட்டமும் ஒன்றல்ல. கடந்த பல பத்தாண்டுகளில் நாட்டு நிழல் மரங்களின் இடத்தைப் பல மலைகளில் சில்வர் ஓக் பிடித்துவிட்டது. ஏற்காட்டிலும் நேராக, கம்பம் மாதிரி நிற்கும் இந்த மரங்களை ரோட்டோரத்திலேயே பார்க்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது.

சில்வர் ஓக் மேல் எஸ்டேட்காரர்களுக்கு ஏன் இவ்வளவு விருப்பம்? அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. சில்வர் ஓக் சீக்கிரம் வளரும். மிளகுக் கொடி ஏற்றலாம். வளர்ந்ததும் மரமாக விற்றால் காசு. காபி விலை விழும் வருடத்தில் குடும்பத்துக்கு அதுதான் கை கொடுக்கும். ஒரு பெரிய அத்தி மரம் அப்படியா? பெரிய இடத்தை அடைக்கும். வருடா வருடம் கிளை கழிக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். விற்றாலும் பெரிய விலை கிடைக்காது.

பறவைகள் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு தலைகீழ். அத்தி, ஆல் பழுத்தால் பச்சைப்புறா, குக்குறுவான், மைனா என்று ஒரு கூட்டமே வந்து சேரும். பொந்தும் கவட்டையும் இருப்பதால் கூடு கட்ட இடமும் கிடைக்கும். ஒரே மாதிரி வரிசையாக நிற்கும் சில்வர் ஓக்கில் அவ்வளவு பழமும் இல்லை, பொந்தும் இல்லை. மூன்று அடிக் கூட்டைத் தாங்கும் அகலமான கிளையும் கிடைப்பது கஷ்டம்.

தோட்டம் பச்சையாகத்தான் இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் எடுக்கும் போட்டோவில் எந்த வித்தியாசமும் தெரியாது. கூடு தேடிப் பறக்கும் கழுகுக்கு மட்டும் தெரியும்.

'ஆபத்து குறைவு' என்றால் கவலை வேண்டாம் என்று அர்த்தமா?

உலகில் எந்த உயிரினம் எந்த அளவு ஆபத்தில் இருக்கிறது என்று பட்டியல் போடுவது ஐ.யு.சி.என். என்ற சர்வதேச அமைப்பு. அதன் சிவப்புப் பட்டியலில் கருங்கழுகு 'ஆபத்து குறைவு' என்ற வகையில் இருக்கிறது. இமயமலை முதல் இந்தோனேசியா வரை பரவியிருப்பதால் இந்த வகை. அதே சமயம், அதன் எண்ணிக்கை குறைந்து வருவதாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. காடு அழிவதுதான் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் உலகம் முழுவதற்குமான கணக்கு. சேலம் மாவட்டத்தில் ஒரு மலையில் கருங்கழுகு இல்லாமல் போனாலும் அந்தப் பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறாது. உலகத்தில் கழுகு இருக்கும். ஏற்காட்டில் இருக்காது.

பட்டியலை மட்டும் நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கசப்பான உதாரணம் உண்டு. கழுகு என்று நாம் சேர்த்துச் சொல்லும் இன்னொரு பறவையான பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு.

1980களில் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் இருக்கும் பெரிய வேட்டைப் பறவைகளில் ஒன்று என்று சொல்லப்பட்டது வெண்முதுகுப் பாறு. செத்த மாடு கிடந்தால் போதும், கூட்டம் கூட்டமாக இறங்கும். அதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ஆனால் 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் அதன் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்தது. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே 2000க்குப் பிறகு சில வருடங்கள் ஆயின. மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் பெரும்பாலான பாறுகள் போய்விட்டன.

2024-25 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதும் மிச்சம் இருப்பது 157 பாறுகள்தான். மாநிலத்தில் அவற்றின் முக்கியப் புகலிடம் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கு.

கருங்கழுகுக்கு அந்த மருந்தால் அப்படி ஒரு பிரச்சனை இல்லை. அது செத்த மாட்டை நம்பி வாழும் பறவை அல்ல. ஆனால் பாறு சொல்லும் பாடம் இதற்கும் பொருந்தும். மெதுவாக இனப்பெருக்கம் செய்யும் பெரிய பறவை சரியத் தொடங்கினால், நாம் கவனிப்பதற்குள் பாதி முடிந்திருக்கும்.

'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கையும் இதையே சொல்கிறது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த பதிவுகளை வைத்து, 942 இனங்களை மதிப்பிட்ட அறிக்கை அது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் சரிந்திருந்தன. அதாவது 60 சதவீதம். அதிகம் சரிந்தவற்றில் வேட்டைப் பறவைகளும் உண்டு. ஒரே வகை மரங்களைக் கொண்ட வணிகத் தோட்டங்கள் பறவைகளுக்கு ஓர் அச்சுறுத்தல் என்றும் அந்த அறிக்கை குறிப்பிட்டது.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

மோசமான உதாரணம் பிலிப்பைன்ஸ். அந்த நாட்டின் தேசியப் பறவையே ஒரு மலைக்காட்டுக் கழுகுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டை. ஒரு ஜோடி வாழ ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காடு வேண்டும். காடு வெட்டப்பட்டதும் வேட்டையும் சேர்ந்து, இன்று மிக மோசமான ஆபத்தில் இருக்கும் கழுகுகளில் அதுவும் ஒன்று. 2023இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு, காட்டில் சுமார் 392 ஜோடிகள்.

நல்ல உதாரணம் அமெரிக்கா. அங்கே தேசியச் சின்னத்தில் இருக்கும் வெண்தலைக் கழுகு 1963இல் அலாஸ்கா நீங்கலாக உள்ள மாநிலங்களில் 417 ஜோடிகளாகச் சுருங்கிவிட்டது. டி.டி.டி. பூச்சிமருந்து உணவு வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. 1972இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. கூடு இருக்கும் மரங்களுக்கும் பாதுகாப்பு கொடுத்தார்கள். 2007இல் அழியும் ஆபத்துள்ள உயிரினங்கள் பட்டியலில் இருந்து அது நீக்கப்பட்டது. 2021இல் வெளியான அரசு மதிப்பீட்டின்படி 71,400 ஜோடிகள்.

காரணம் தெரிந்து, நேரத்தோடு செயல்பட்டால் மீட்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு சட்டங்கள் முக்கியம்.

ஒன்று, 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். இதில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியால் சுடுவது மட்டும் பொருள் அல்ல. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதுகூட வேட்டைதான். போட்டோ எடுக்கிறேன் என்று கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கிளையை விலக்குவதும் பிரச்சனையில் மாட்டிவிடும்.

இரண்டாவது, 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். இந்தச் சட்டம் பொருந்தும் மலைப்பகுதிகளில், சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். ஏற்காடும் இதில் வருகிறது.

ஆனால் சட்டத்தால் முடிந்தது ஓரளவுதான். அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் எத்தனை மரம், என்ன வகை என்று இருக்கும். எந்த மரத்தில் கழுகு கூடு கட்டியிருக்கிறது என்பது, அந்தச் சரிவில் தினமும் நடக்கும் எஸ்டேட் தொழிலாளிக்கும் மலைக்கிராமத்துக்காரருக்கும்தான் தெரியும்.

என்ன செய்யலாம்?

எஸ்டேட் வைத்திருப்பவர்கள்: எல்லா மரத்தையும் காப்பாற்றச் சொன்னால் நடக்காது. பள்ளத்தாக்கு ஓரமாக நிற்கும் பழைய, பெரிய மரங்களை மட்டுமாவது வெட்டும் பட்டியலில் சேர்க்காமல் விடலாம். கழுகுக்கு வேண்டியதும் அந்த மரம்தான். புது நிழல் மரம் வைக்கும்போது சில்வர் ஓக்கோடு சேர்த்து அத்தி, பலா போன்ற நாட்டு மரங்களையும் கலந்து வைக்கலாம். கிளை கழிக்கும் வேலையைக் கூடு இருக்கும் மரத்தின் பக்கம் மட்டும் ஏப்ரல் முடியும்வரை தள்ளிப்போடலாம். நிழலில் விளைந்த காபிக்கு வெளிநாட்டில் தனி மதிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் 'பறவைகளுக்கு உகந்த காபி' சான்றிதழுக்குக் குறைந்தது 40 சதவீத நிழலும் பலவகை மரங்களும் இயற்கை விவசாயமும் கட்டாயம்.

சுற்றுலா போகிறவர்கள்: வியூ பாயின்ட்டில் ட்ரோன் பறக்கவிடுவதைத் தவிர்க்கலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கழுகு அடைகாக்கும் காலம் என்பதால் பள்ளத்தாக்குப் பக்கம் ட்ரோன் போனால் அது கூட்டை விட்டு எழுந்து போக வாய்ப்பு உண்டு. கூடு கண்ணில் பட்டால் இடத்தோடு சேர்த்து ரீல்ஸ் போட வேண்டாம்.

பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள்: கருங்கழுகைப் பார்த்தால் தேதி, நேரம், இடம் மூன்றையும் இ-பேர்ட் தளத்தில் பதியலாம். மொபைல் செயலி இலவசம். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் நடக்கிறது. வீட்டு மாடியில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும், கலந்துகொள்ளலாம். பொங்கல் லீவுக்கு ஏற்காடு போகிறவர்கள் அந்த 15 நிமிடத்தைச் சேர்வராயன் கோயில் மேட்டிலேயே கழிக்கலாம். 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை உருவானது இப்படிச் சாதாரண மக்கள் போட்ட பதிவுகளால்தான்.

காபி குடிக்கிறவர்கள்: அடுத்த முறை ஏற்காட்டில் காபித்தூள் வாங்கும்போது, "இது நிழல்ல வளர்ந்த காபியா? என்ன மரம் இருக்கு தோட்டத்துல?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். நானூறு பேர் கேட்டால், பழைய அத்தி மரத்தை விட்டுவைப்பதிலும் லாபம் இருக்கிறது என்று தோட்டக்காரருக்குத் தெரியும்.

பாறு விஷயத்தில், என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. கருங்கழுகு விஷயத்தில் அப்படி இல்லை. காரணம் தெரியும், எந்த மரம் என்றும் தெரியும், அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. சேர்வராயன் கோயில் மேட்டில் நின்று "அங்க பாரு" என்று கை காட்ட, இன்னும் மேலே பறவையும் இருக்கிறது.